ஒரு விரல் இடைவெளி

என் வீட்டுச் சமையலறை ஜன்னலை நானே கயிறு கட்டி இழுத்துப் பிடுங்கினேன். முதலில் இதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திருடன்கூட உள்ளே வருவதற்காகத்தான் ஜன்னலைக் கழற்றுவான். நான் சொந்த வீட்டுக்காரனாக இருந்துகொண்டு, பட்டப்பகலில், கற்பூரம் ஏற்றி, மச்சானுக்கு டீயும் கொடுத்துக் கழற்றியவன்.

போன வாரம் நாய் கடித்த கதையைப் படித்துவிட்டு, 'இவ்வளவு விவரமான ஆள் எப்படி ரிட்டையர் ஆகும்வரை உயிரோடு இருந்தார்?' என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இந்த வாரம் அவருக்குச் சமர்ப்பணம். நாய் விஷயத்தில் பாதித் தப்பு நாயினுடையது. இதில் நாய்கூட இல்லை.

அன்று மழை விட்டு வெயில் அடித்தது. தோட்டத்து வாழை இலைகள் அப்போதுதான் கழுவி வைத்தவைபோல் இருந்தன. ஈர மரத்தில் கற்பூரம் எரிந்த வாசனை. பின்வாசலை ஒட்டி நான் கட்டி முடித்திருந்த மரமேடையின் நடுவில் என் மனைவியின் தம்பி ஏழுமலை, கையில் டீ டம்ளரோடு நின்றான்.

"யானை நிக்கலாம் மாமா இதுல" என்று சொல்லிவிட்டு, யானை மிதிக்கிற மாதிரியே ஒரு மிதி மிதித்தான்.

மேடை மெல்ல முனகியது. பிறகு வீட்டைவிட்டுப் புறப்பட்டது.

உடையவில்லை, சரியவில்லை. புறப்பட்டது. வில்லியனூர்த் தேர் நிலையைவிட்டு நகரும்போது ஒரு நிதானம் இருக்குமே, அந்த நிதானம். தேருக்கு வடம் முன்னால் இருக்கும். இதற்குப் பின்னால் இருந்தது. வடத்தின் மறுமுனை என் சமையலறை ஜன்னலில் கட்டியிருந்தது.

அது அப்படியே போய்க்கொண்டிருக்கட்டும். அது ஏன் கட்டப்பட்டது என்பதைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

முட்டியும் படியும்

செலியமேட்டில் எங்கள் வீட்டின் தரை இடுப்பளவு உயரம். மழைக்காலத்தில் வயல் தண்ணீர் தெருவுக்கு விருந்தாளியாக வரும் ஊர் இது. அப்பா அதற்குப் பயந்து உயர்த்திக் கட்டினார். முன்பக்கம் ஸ்கூட்டர் ஏற்றுவதற்குச் சரிவு போட்டவர், பின்பக்கம் செங்குத்தாக நாலு படி வைத்து முடித்துக்கொண்டார். குளியலறையும் கக்கூசும் பின்பக்கம், இடது கையோரம் தனியாக நிற்கின்றன. அவையும் அதே உயரம். ஆக, ஒருவர் குளிக்க வேண்டுமென்றால் நாலு படி இறங்கி, நடந்து, மறுபடி நாலு படி ஏற வேண்டும்.

இத்தனை வருஷமும் இதில் யாருக்கும் தொந்தரவு இல்லை. என் மனைவி தனத்துக்கு முட்டி தேய்ந்தது. ஆபரேஷன் செய்து புது முட்டி வைத்தார்கள். கைப்பிடி இல்லாத அந்தப் படிகளில் கொஞ்ச நாளைக்கு ஏறி இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் நேராக வில்லியனூரில் தன் தங்கை வீட்டுக்குப் போனாள். அங்கே படுக்கையறைக்குள்ளேயே பாத்ரூம்.

"எப்ப வர்ற?" என்று போனில் கேட்டேன்.

"காலு தடுக்காம கக்கூஸ் போவ வழி பண்ணு, வரன். நான் வந்து நிக்கிறப்ப ஏதாவது ஆடுச்சின்னா அப்பிடியே ஆட்டோவ திருப்பிக்குவன். எனக்கு இன்னா, இங்க டிவி பெருசா கீது."

தங்கை அன்பாகப் பார்த்துக்கொள்கிறாள் என்று சொல்லியிருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது. அன்பு ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். டிவி தீராது.

பின்வாசலிலிருந்து குளியலறை வரை அதே மட்டத்தில் சிமென்ட்டில் மேடை போட்டிருக்கலாமே என்பீர்கள். சரியாக நடுவில் செப்டிக் டேங்க் உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் சிமென்ட்டைக் கொட்டினால், பிறகு டேங்க்கைத் திறக்க வேண்டிய நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மரம் என்றால் பலகையைத் தூக்கிவிட்டுத் திறக்கலாம். இந்த விஷயத்தில் என் மூளை வேலை செய்தது. அதோடு அது லீவு போட்டுவிட்டது.

ஆற்றோரக் காபி

மரமேடை என்கிற ஆசை எனக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பாகூர்ப் பக்கம் வயல் வாங்கி, அதில் நெல்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விளைவிக்கிற வெளியூர்க்காரர்கள் இப்போது அதிகம். அப்படி ஒருவர் ஆற்றோரம் காபிக்கடை வைத்திருக்கிறார். சனி, ஞாயிறில் கார் காராக வந்து, மரமேடையில் காலை நீட்டிக்கொண்டு, எங்கள் கொசுவிடம் கடி வாங்கி, அதற்குக் காசும் கொடுத்துவிட்டுப் போவார்கள். கசப்பாக இருந்தால்தான் அது காபியாம். எங்கள் வீட்டில் நான் போடுகிற காபியும் கசப்புதான். ஒரு கார்கூட வந்ததில்லை.

அந்த மேடை மட்டும் எனக்குப் பிடித்துவிட்டது. வீட்டோடு ஒட்டிப் பிறந்த மாதிரி இருந்தது. நான் குதிகாலால் தட்டிப் பார்த்தேன். அசையவில்லை. அது எப்படி வீட்டோடு ஒட்டியிருக்கிறது என்று குனிந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பக்கத்து மேஜைக்காரர் கேக் மிச்சம் வைப்பாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் மேடை கட்டுவதைக் கிட்டத்தட்ட முழுதாகப் பார்த்தேன். அவர் வீட்டில் எல்லாம் நேராக இருந்தது. மரம் நேர், சுவர் நேர், பின்னால் உட்கார்ந்திருந்த நாய்கூட நேர். முதல் வேலையாக அவர் சுவரோடு ஒரு நீளமான கட்டையைப் படுக்க வைத்து, பெரிய பெரிய போல்ட்டால் முடுக்கினார். மேடையின் உயிரே அதில்தான் இருக்கிறது என்று சொன்னாராம். 'னாராம்' என்று எழுதுவதற்குக் காரணம், அந்த இடத்தில் நான் ஓட்டிவிட்டேன். போல்ட் முடுக்குவதை யார் உட்கார்ந்து பார்ப்பது?

இடித்த வீட்டுச் சாமான் விற்கிற கடையில் பழைய உத்திரமும் பலகையும் வாங்கினேன். டவுனில் ஏதோ மாடிவீட்டில் இருந்த மரம் என்றார் கடைக்காரர். மோந்து பார்த்தேன், பழைய வார்னிஷ் வாசனை அடித்தது. பெரிய மனிதர்கள் நடந்த பலகை. கடைசியில் செப்டிக் டேங்க் மேல் வந்து படுத்தது.

எல்லாச் சுவரும் தெரியும்

என் தொழிலைத் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. முப்பது வருஷத்துக்கு மேல் வீடு வீடாகப் போய் கரண்டு மீட்டர் ரீடிங் எடுத்தவன் நான். ஊரில் என் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. 'மீட்டரு' என்றால் நாய்க்குக்கூடத் தெரியும்.

இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க எந்த வீட்டுச் சுவரில் எது எப்படி மாட்டியிருக்கிறது என்று எனக்கு அத்துப்படி. உறுவையாற்றில் ஒரு வீட்டில் மீட்டர் பலகை ஒற்றை ஆணியில் ஊசலாடும். ரீடிங் எடுக்க நான்தான் அதோடு சேர்ந்து ஆட வேண்டும். அந்த வீட்டுக்காரரிடம், "பலகைய செவுத்தோட சேத்து முடுக்குய்யா, ஆள் செத்துடுவான்" என்று மாசாமாசம் கத்துவேன். கத்திவிட்டு வெளியே வந்து, நம்பர் பிளேட்டைக் கயிற்றால் கட்டிய என் ஸ்கூட்டரில் ஏறிப் போவேன்.

என் வீட்டில் எல்லாமே கயிறுதான். கால் உடைந்த நாற்காலி, கேட், கிணற்று மோட்டாரின் மூடி, மூக்குக்கண்ணாடி. எதையும் முடுக்குவதில்லை, கட்டுவதுதான். கட்டினால் அவிழ்த்துக்கொள்ளலாம், முடுக்கினால் முடிந்துபோயிற்று. இதை ஒரு தத்துவம்போல் நான் சொல்லிக்கொள்வேன். உண்மையில் சோம்பேறித்தனம்.

கல்யாணமான புதிதில் தனம் தன் வீட்டு மிக்சியைக் கொண்டுவந்தாள். கொஞ்ச நாளில் அதன் மூடியையும் கட்டினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, "என் தாலியிலகூட சுருக்குதான் போட்டியா?" என்று கேட்டாள். எங்களுக்குள் நடந்த முதல் உரையாடல்களில் அது ஒன்று.

பிசாசின் அளவு

இப்போது ஏழுமலை.

என் மச்சான் மனை புரோக்கர். விற்காத மனைகளை விற்பதற்காக வாஸ்து கற்றுக்கொண்டவன். தெற்குப் பார்த்த மனையை அவன் விற்க வேண்டுமென்றால் தெற்குதான் குபேரன் திசை. வேறொருவன் விற்றால் அது எமன் திசை. சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, இழுத்து அளக்கிற டேப் இருக்கும்.

நாலு கால் நிறுத்தி, உத்திரம் ஏற்றி, நான் சுவரில் கட்டையைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்தான். டேப்பை இழுத்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"இன்னா மாமா பண்ற? வூடு இருபத்தெட்டு அடி, இது பத்து. இத்த செவுத்துல முடுக்கினா வூட்டோட சேந்துடும். முப்பத்தெட்டு ஆயிடும்."

"ஆனா இன்னா?"

"முப்பத்தெட்டு அடி மனைக்கு இன்னா பலன் தெரியுமா? பிசாசு குடியேறும்."

"செப்டிக் டேங்க் மேல பிசாசு எதுக்குடா குடியேறும்? அதுக்கு வேற எடமே கிடைக்கலியா?"

"சிரிக்காத மாமா. அக்கா புது முட்டி வச்சினு வருது. நீ போயி அளவ கெடுக்கற."

அங்கேதான் கவிழ்ந்தேன். பிசாசை நான் நம்புவதில்லை. ஆனால் தனம் வந்து, ஏதாவது ஒன்று ஆகி, 'அன்னைக்கே சொன்னன்' என்று ஏழுமலை வாழ்நாள் முழுக்கச் சொல்வானே, அதை நம்பினேன். பிசாசைவிட அது நீண்ட காலம் குடியிருக்கும்.

"அப்ப இன்னாதான் பண்றது?"

"சிம்பிள். செவுத்த தொடக்கூடாது. ஒரு விரல் இடைவெளி வுடு. தொடலன்னா அது தனி, வூடு தனி. அளவு அப்பிடியே நிக்கும்."

"ஆடாதா?"

"கயித்துல கட்டிக்க. கயிறு கணக்குல வராது."

கயிறு என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் காதில் தேன் பாய்ந்தது. பூரணாங்குப்பத்தில் எனக்குப் பழக்கமான ஒரு மீன்காரர் கொடுத்த வலைக்கயிறு பரணில் இருந்தது. பச்சை நிறம், கட்டைவிரல் தடிமன். உப்பு வாசனைகூடப் போகவில்லை. அதைச் சமையலறை ஜன்னல் கம்பியில் சுற்றி, மேடையின் உத்திரத்தில் இழுத்து, முடிச்சுக்கு மேல் முடிச்சு போட்டேன். கால்களுக்கு அடியில் ஆளுக்கு ரெண்டு செங்கல்.

கீழே இருந்தது களிமண். மழையில் ஊறிய பாகூர்க் களிமண். அதன் மேல் செங்கல் நிற்கும் என்று நினைத்த ஆளுக்கு அரசாங்கம் இப்போதும் பென்ஷன் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

தேர் போனது

ஏழுமலை மிதித்ததும் வெளிப்பக்கத்துச் செங்கல்கள் சத்தமில்லாமல் மண்ணுக்குள் இறங்கின. மேடை வாழைத்தோட்டம் பக்கம் சாய்ந்து, அப்படியே வழுக்கியது. சுவரில் அதைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஒரு விரல் இடைவெளி ஒரு முழம் ஆனது, பிறகு ஓர் ஆள் அகலம் ஆனது.

கயிறு விறைத்தது. கயிற்றைக் குறை சொல்லவே முடியாது. கடலில் எத்தனையோ இழுப்பைப் பார்த்த கயிறு. அது அறுந்துபோகவில்லை, முடிச்சும் அவிழவில்லை. சுவர்தான் யோசித்துப் பார்த்துவிட்டு ஜன்னலைக் கொடுத்துவிட்டது. சட்டம், கம்பி, கதவு ரெண்டு, ஜன்னல் மேடையில் இருந்த புளி டப்பா எல்லாம் ஒரே குடும்பமாக வெளியே வந்து, மேடையின் பின்னாலேயே ஓடின.

"மாமா! மாமா! புடி மாமா!"

எதைப் பிடிப்பது? மேடையையா, ஜன்னலையா, மச்சானையா? நான் டீ டம்ளரைப் பார்த்தேன். அவன் கடைசிவரை அதைக் கொட்டவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவனை மதிக்கிறேன்.

மேடை ரெண்டு வாழையைச் சாய்த்துவிட்டு நின்றது. ஏழுமலை சேற்றில் உட்கார்ந்திருந்தான். அடி ஒன்றுமில்லை. வெள்ளை வேட்டி மட்டும் இனி வேறு நிறம்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். வெளியே போயிருந்த மேடை, அதன் பின்னால் ஜன்னல், சுவரில் ஓட்டை, ஓட்டை வழியாகத் தெரிந்த என் அடுப்பு, எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இன்னா மீட்டரு, வூடு காலி பண்றியா?"

ஏழுமலை சேற்றிலிருந்தபடியே சொன்னான்: "பாத்தியா மாமா, தனியா இருந்ததால வூட்டுக்கு ஒண்ணும் ஆவல."

நான் ஓட்டையைக் காட்டினேன். அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

போன்

தனத்துக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. வேலிக்காரராகத்தான் இருக்கும். மத்தியானச் சோறு வைப்பதற்குள் போன் வந்துவிட்டது.

"ஜன்னல வச்சிட்டியா?"

"கொத்தனாருக்குச் சொல்லியிருக்கேன்."

அவளுக்குப் பின்னால் பெரிய டிவியின் சத்தம் கேட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டாமல் மெதுவாகப் பேசினாள். அதுதான் பயமாக இருந்தது.

"நான் அதும்மேல வாக்கர வச்சினு நின்னிருந்தா?"

அதுவரை நடந்தது எல்லாமே எனக்குச் சிரிப்பாகத்தான் தெரிந்தது. சாயங்காலம் டீக்கடையில் எப்படிச் சொல்வது என்றுகூட மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு அப்புறம் ஏழுமலை உட்கார்ந்திருந்த சேற்றைப் போய்ப் பார்த்தேன். அந்தக் குழியிலிருந்து ஒரு முழம் தள்ளித் துணி துவைக்கிற கருங்கல் கிடந்தது.

"ஊர்ல ஒரு மீட்டர் ஆடுனா அந்தக் கத்து கத்துவ. பொண்டாட்டி நிக்கிற எடத்துக்கு மட்டும் கயிறா?" என்றாள்.

"இல்ல தனம், முடுக்கினா முப்பத்தெட்டு அடி ஆயிடுமாம். பிசாசு வருமாம். உன் தம்பிதான்..."

"வரட்டும். தொணைக்கு இருக்கட்டும். நீ சமைக்கிறத அதுவாவது துன்னும்."

போனை வைத்துவிட்டாள்.

சுவரைத் துளைத்தோம்

அந்த வெள்ளைக்காரரை மறுபடி போட்டேன். இந்த முறை ஓட்டவில்லை. போல்ட் முடுக்குகிற இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பூச்சில் மட்டும் பிடிக்கிற குட்டி ஸ்குரூ ஆகாது, சுவரின் உயிருள்ள பாகத்தைப் பிடிக்க வேண்டும் என்பது புரிந்தது. என் வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்தேன். மூணு தடவை பூசிய பூச்சு, டொப் டொப்பென்று பேசியது. அதில் எதை முடுக்கினாலும் அது பூச்சோடு கழன்று வரும், ஜன்னல் வந்த மாதிரி.

ஆகவே சுவரை முழுக்கத் துளைத்து, இந்தப்பக்கம் கட்டை, அந்தப்பக்கம் சமையலறைக்குள் இரும்புத் தகடு, நடுவில் நீள போல்ட் என்று முடிவு செய்தேன். வாடகைக்கு டிரில்லிங் மிஷின் எடுத்தேன். ஏழுமலை வந்தான். வேறு வேட்டி.

நான் வெளியிலிருந்து துளைக்க, அவன் சமையலறையில் நின்று முனை எங்கே வெளியே வருகிறது என்று சொல்ல வேண்டும். செங்கல் தூள் சிவப்பாகக் கொட்டியது. வாயெல்லாம் மண் ருசி.

"வந்துச்சாடா?"

"வரல."

"இப்ப?"

"வந்துச்சி, வந்துச்சி! நிறுத்து மாமா! மொளகா டப்பால பூந்துடுச்சி!"

உள்ளே தும்மல் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. அதற்குள் பிசாசு ஏதாவது வந்திருந்தாலும் ஓடியிருக்கும்.

அந்த வெள்ளைக்காரர் செய்த இன்னொரு வேலையையும் செய்தேன். கட்டைக்கும் சுவருக்கும் நடுவே, ஒவ்வொரு போல்ட்டிலும் ரெண்டு மூணு தடித்த வாஷர். கட்டை சுவரோடு அப்பிக்கொண்டால் மழைத்தண்ணீர் நடுவில் தங்கி மரம் உளுத்துப்போகுமாம். சந்து இருந்தால் தண்ணீர் கீழே வடிந்துவிடும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்த ஏழுமலை அந்தச் சந்தைப் பார்த்தான். விரலை உள்ளே விட்டுப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"நான் இன்னா சொன்னன் மாமா? ஒரு விரல் இடைவெளி! மரம் செவுத்த தொடல பாரு. முப்பத்தெட்டு ஆவாது."

"டேய், போல்ட் தொடுதுடா."

"போல்ட் இரும்பு. மனைக் கணக்குல இரும்பு வராது."

அவனோடு நான் வாதம் செய்யவில்லை. வாங்குகிறவன் தலையெழுத்து, எங்கேயோ ஒரு மனை இந்நேரம் இந்த விளக்கத்தோடு விலைபோய்க்கொண்டிருக்கும்.

வாழைத்தோட்டத்தில் கிடந்த மேடையைப் பிரித்துக் கொண்டுவந்து, வெளிப்பக்கத்துக் கால்களுக்குக் குழி வெட்டிக் கான்கிரீட் போட்டோம். ஓரத்தில் கைப்பிடி வைத்தோம். டேங்க் மூடிக்கு மேல் மட்டும் தூக்கி எடுக்கிற மாதிரி பலகை. கான்கிரீட் இறுகும்வரை யாரையும் ஏறவிடாமல் காவல் இருந்தேன். பிறகு மூட்டை மூட்டையாக நெல்லை ஏற்றி இறக்கினேன். ஏழுமலையை ஏற்றினேன். குதிக்கச் சொன்னேன். டீ கொடுக்கவில்லை.

பச்சைக் கயிறு மறுபடி பரணுக்குப் போனது. முடிச்சை அவிழ்க்க முடியாமல், வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

ஆட்டோ

தனம் வந்த அன்று மேகமாக இருந்தது. ஆட்டோக்காரரிடம் அவள், "தம்பி, கொஞ்சம் இருப்பா. திரும்பிப் போனாலும் போவன்" என்றாள். என் எதிரிலேயே சொன்னாள். வண்டி என்ஜினை அணைக்காமல் நின்றது.

முன்பக்கச் சரிவில் வாக்கரோடு ஏறினாள். நேராகச் சமையலறை. புது ஜன்னலைப் பார்த்தாள். சுவரில் வரிசையாக நின்ற இரும்புத் தகடுகளையும் நட்டுகளையும் பார்த்தாள். ஒன்றில் நான் கரண்டியை மாட்டி வைத்திருந்தேன். எடுத்து வேறு நட்டில் மாட்டினாள்.

பின்வாசலுக்கு வந்தாள். வாக்கரின் முன்கால்களை மட்டும் மேடையில் வைத்து அழுத்தினாள். இன்னொரு தடவை அழுத்தினாள். தெருவில் ஆட்டோ இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. சுவருக்குள் இருந்த ஒவ்வொரு போல்ட்டையும் மனதாலேயே முடுக்கினேன்.

புது முட்டிக் காலை எடுத்து வைத்தாள். பிறகு மற்றக் காலை. நான் பக்கத்திலேயே போய் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். பலகையில் வாக்கர் டொக், டொக்கென்று போனது. நடு மேடையில், ஏழுமலை மிதித்த அதே இடத்தில் நின்றாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஆடுதா?" என்று கேட்டேன்.

தன் முழங்கையைப் பிடித்திருந்த என் கையைக் குனிந்து பார்த்தாள்.

"நீதான்யா ஆடற."